மாசசூசெட்சும் மிசிசிப்பியும்: வாழ்க்கை வளம் பற்றிய ஓர் ஒப்பீடு

ஒரு நாட்டின் செல்வத்தைக் கணக்கிடுவது எளிது. அந்நாட்டில் வாழ்வோரின் வாழ்க்கை வளத்தைக் கணக்கிடுவது எளிதன்று. செல்வத்துக்கு நாணயம் என்னும் ஓர் அளவுகோல் உண்டு. வாழ்க்கை வளத்துக்கோ அளவுகோல்கள் பல வேண்டும். பிறந்த குழந்தை பிழைக்கிறதா, பள்ளி சென்ற பிள்ளை படிக்கக் கற்றதா, உழைத்துப் பெற்ற கூலி வீட்டு வாடகைக்குப் போதுமா, நோயுற்றவருக்கு மருத்துவர் எட்டும் தொலைவில் இருக்கிறாரா என்னும் கேள்விகள் யாவும் அதில் அடங்கும். திருக்குறள் 'நாடு' என்னும் அதிகாரத்தில் ஒரு நாட்டுக்கு அணியாவனவற்றை எண்ணும்போது, பிணியின்மையை முதலிலும் செல்வத்தை அதற்கு அடுத்தும் வைத்திருப்பது தமிழாசிரியர்கள் அறிந்ததே.

நாட்டையும் நாட்டையும் ஒப்பிட்டால் மொழி, நாணயம், அரசியல் முறை ஆகிய அனைத்தும் வேறுபடுகின்றன. ஆகவே, உயர்வு தாழ்வுக்குக் காரணம் இதுதான் என்று சுட்டுவது கடினம். ஒரே நாட்டின் இரண்டு பகுதிகளை ஒப்பிடும்போது அவ்விடர்ப்பாடு பெரிதும் குறைகிறது. இவ்வகை ஆராய்ச்சிக்கு ஐம்பது மாநிலங்களைக் கொண்ட அமெரிக்க ஐக்கிய நாடு நல்லதொரு களம். அங்கே 1931-ஆம் ஆண்டிலேயே எச். எல். மென்கென் என்னும் பத்திரிகாசிரியர், சார்ல்ஸ் ஆங்காஃப் என்பவருடன் சேர்ந்து, தமது 'அமெரிக்கன் மெர்குரி' இதழில் மாநிலங்களைச் செல்வம், கல்வி, உடல்நலம், பொது ஒழுங்கு ஆகிய தலைப்புகளில் வரிசைப்படுத்தினார். அவ்வரிசையில் மாசசூசெட்ஸ் முன்னணியில் நின்றது. மிசிசிப்பி கடைசியில் நின்றது. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் பெரும்பாலான பட்டியல்களில் இவ்விரண்டும் ஏறக்குறைய அதே இடங்களில் இருப்பதற்குக் காரணம் யாது? அக்காரணம் மாற்றக்கூடியதா? இவை ஆராயத்தக்க கேள்விகள்.

நிலமும் மக்களும்

மாசசூசெட்ஸ், நாட்டின் வடகிழக்கில் அட்லாண்டிக் கரையில் உள்ளது. அதன் தலைநகர் பாஸ்டன். மிசிசிப்பி, தெற்கே அப்பெயர் கொண்ட பேராற்றின் கீழ்க்கரையில் அமைந்து மெக்சிகோ வளைகுடா வரை நீள்கிறது. அதன் தலைநகர் ஜாக்சன். 2020-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி மாசசூசெட்சில் 70 இலட்சம் பேரும், மிசிசிப்பியில் 29 இலட்சத்து 61 ஆயிரம் பேரும் வாழ்ந்தனர். நிலப்பரப்பிலோ மிசிசிப்பி ஆறு மடங்கு பெரியது.

மாசசூசெட்சின் மண் கல்லும் கரடுமானது. அங்கே பனிக்காலம் நெடியது. மிசிசிப்பியின் வடமேற்கே, மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் இடையே, 'டெல்டா' எனப்படும் சமவெளி உண்டு. ஆற்று வெள்ளம் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டல் நிலம் அது. உலகின் செழிப்பான மண் வகைகளுள் ஒன்றாக அதனைக் கூறுவர். மழையும் குறைவன்று. இயற்கையின் கொடையே வாழ்க்கை வளத்தை நிர்ணயிக்குமாயின், பட்டியல்களில் முதலிடம் மிசிசிப்பிக்கே உரியதாக இருந்திருக்கும். ஆனால் அத்தனை நீர்வளம் உள்ள மாநிலத்தின் தலைநகரில், 2022 ஆகஸ்டில் நகரின் பெரிய நீர் சுத்திகரிப்பு நிலையம் பழுதுபட்டு, ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மக்கள் பாதுகாப்பான குழாய் நீரின்றித் தவித்தனர். நெடுங்காலமாகப் பழுதுபார்க்கப்படாத குழாய்களும் இயந்திரங்களும் அதற்குக் காரணம்.

பிணியின்மை

ஆயுள் கணக்கு தெளிவான அளவுகோல். 2019-இல் மாசசூசெட்சில் பிறந்த குழந்தைக்கு எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் 80.4 ஆண்டுகள், மிசிசிப்பியில் 74.4 ஆண்டுகள். வேற்றுமை ஆறு ஆண்டுகள். கோவிட் கொள்ளைநோய் வந்தபின் 2021-இல் முன்னதில் 79.6 ஆகவும், பின்னதில் 70.9 ஆகவும் குறைந்தது. வேற்றுமை ஒன்பது ஆண்டுகளை நெருங்கிவிட்டது. ஒரே நோய் இரண்டு மாநிலங்களையும் தாக்கியது. ஆயினும் ஏற்கெனவே தளர்ந்திருந்த உடல்களையும் மருத்துவமனைகளையும் அது கூடுதலாக வதைத்தது.

குழந்தை மரணக் கணக்கு இன்னும் துயரமானது. 2022-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தவை மாசசூசெட்சில் 3.32, மிசிசிப்பியில் 9.11. அவ்வாண்டில் ஐம்பது மாநிலங்களுள் மிகக் குறைந்த எண் முன்னது. மிக உயர்ந்த எண் பின்னது. 2024-இல் மிசிசிப்பியின் எண் 9.7 ஆக உயர்ந்ததும், 2025 ஆகஸ்டில் அம்மாநிலச் சுகாதார இலாகா இதனைப் பொதுச் சுகாதார நெருக்கடி என்றே அறிவித்தது.

மிசிசிப்பியில் மருத்துவத் திறமை இல்லை என்று கூறலாகாது. மாசசூசெட்ஸ் 1846-இல் ஈதர் மயக்க மருந்து தந்து செய்த அறுவை சிகிச்சையாலும், 1954-இல் வெற்றி கண்ட முதல் சிறுநீரக மாற்றத்தாலும் புகழ் பெற்றது உண்மை. மனிதனுக்கு முதன்முதலாக நுரையீரல் மாற்றம் செய்யப்பட்டதோ, 1963-இல் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில். எனினும் தலைநகரில் நிகழும் அரிய சிகிச்சை கிராமத்துத் தாய்க்குப் பேறுகால மருத்துவரைத் தந்துவிடாது. மக்கள்தொகைக்கு ஏற்ற மருத்துவர் எண்ணிக்கையில் மாசசூசெட்ஸ் முதல் வரிசையிலும், மிசிசிப்பி கடைசி வரிசையிலும் உள்ளன.

காப்புறுதியிலும் இரண்டும் வெவ்வேறு வழி சென்றன. மாசசூசெட்ஸ் 2006-இல் ஏறக்குறைய எல்லா மக்களுக்கும் மருத்துவக் காப்புறுதி கிடைக்கச் சட்டம் இயற்றியது. 2010-இல் நாடு முழுமைக்கும் வந்த சட்டத்துக்கு அது முன்மாதிரியாயிற்று. ஏழைகளுக்கான 'மெடிக்கெய்ட்' திட்டத்தை அச்சட்டத்தின்படி விரிவுபடுத்தும் மசோதா 2024-இல் மிசிசிப்பிச் சட்டமன்றத்துக்கு வந்தது. இரு அவைகளும் உடன்பாடு காணாமையால் நிறைவேறவில்லை. ஆயினும் 2023-இல், பிள்ளை பெற்ற தாய்மாருக்கு அத்திட்டத்தின் உதவி ஓராண்டு வரை நீட்டிக்கப்பட்டது.

வருவாயும் விலைவாசியும்

எல்லாக் குடும்பங்களையும் வருவாய்ப்படி வரிசையாக நிறுத்தினால், நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருவாயை 'நடு வருவாய்' என்பர். 2023-இல் அது மாசசூசெட்சில் ஏறத்தாழ 99,800 அமெரிக்க வெள்ளி; மிசிசிப்பியில் ஏறத்தாழ 54,200 வெள்ளி. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் வேற்றுமை இரு மடங்கை நெருங்குகிறது.

இங்கே ஒரு திருத்தம் தேவை. கூட்டரசின் பொருளியல் ஆய்வகம் கணிக்கும் விலைக் குறியீட்டில் நாட்டின் சராசரியை 100 எனக் கொண்டால், மிசிசிப்பியின் விலைவாசி ஏறத்தாழ 87. மாசசூசெட்சினது ஏறத்தாழ 108. இவ்வெண்களால் வகுத்துப் பார்த்தால், வாங்கும் திறனில் முன்னது 62,000 வெள்ளிக்கும் பின்னது 92,000 வெள்ளிக்கும் சமமாகிறது. இரு மடங்காகத் தோன்றிய வேற்றுமை ஒன்றரை மடங்காகச் சுருங்குகிறது. சுருங்கினும் மறையவில்லை.

வீட்டு விவகாரத்தில் மிசிசிப்பியின் கை ஓங்கியிருக்கிறது. அங்கே பத்துக் குடும்பங்களில் ஏறக்குறைய ஏழு சொந்த வீட்டில் வாழ்கின்றன. மாசசூசெட்சில் அது ஆறுக்குச் சற்று மேல். வீட்டு விலை மாசசூசெட்சில் மூன்று மடங்குக்கும் அதிகம். வீடற்ற குடும்பங்களுக்கு இடமளிக்க வேண்டும் என்று 1983-இல் சட்டம் செய்த பெருமை மாசசூசெட்சுக்கு உண்டு. அதே மாநிலத்தில் 2023-இல் உறைவிடங்கள் நிரம்பி வழிந்து, ஆளுநர் நெருக்கடி நிலையை அறிவிக்க நேர்ந்தது. இளம் ஆசிரியர் ஒருவர் பாஸ்டன் அருகே வீடு வாங்க எண்ணுவது பெருங்கனவு. மிசிசிப்பிச் சிற்றூரில் அது கைகூடும் காரியம்.

கீழ்நிலைத் தொழிலாளிக்கு நிலைமை மாறுபடுகிறது. 2023 முதல் மாசசூசெட்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 வெள்ளி. மிசிசிப்பி தனக்கெனக் கூலிச் சட்டம் எதுவும் இயற்றவில்லை. ஆகவே 2009-இல் கூட்டரசு வகுத்த 7 வெள்ளி 25 காசே அங்குச் செல்லுபடியாயிற்று. மாசசூசெட்சில் அரிசி, காய்கறி போன்ற உணவுப் பொருள்களுக்கு விற்பனை வரி இல்லை. மிசிசிப்பியில் அது நெடுங்காலம் நூற்றுக்கு ஏழாக இருந்து, 2025 ஜூலையில் ஐந்தாகக் குறைக்கப்பட்டது. உணவு வரி ஏழையின் கூலியில் பெரும் பங்கையும் செல்வரின் வருவாயில் சிறு பங்கையும் எடுக்கும் இயல்பினது.

வேற்றுமையின் வேர்

இவ்வேற்றுமைகளின் வேரைத் தேடினால் அது பள்ளிக்கூடத்தில் போய் நிற்கிறது. ஐம்பது வீடுகள் உள்ள ஊர் ஒவ்வொன்றும் எழுத்தும் படிப்பும் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று மாசசூசெட்ஸ் 1647-இலேயே விதித்தது. 1837-இல் மாநிலக் கல்விக் கழகம் தோன்றி, ஹோரஸ் மான் அதன் செயலாளரானார். 1839-இல் லெக்சிங்டன் ஊரில், அரசின் செலவில் நடக்கும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி நாட்டிலேயே முதலாவதாகத் திறக்கப்பட்டது. 1852-இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. அதுவும் நாட்டில் முதலாவது.

இக்கல்வி ஆர்வம் கடல் கடந்து தமிழரையும் தொட்டது. பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் 1816-இல் யாழ்ப்பாணம் வந்தது. அது 1823-இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும், 1824-இல் உடுவில் மகளிர் பள்ளியையும் நிறுவியது. மாசசூசெட்சின் ஊஸ்டர் நகரில் பிறந்த டாக்டர் சாமுவேல் கிரீன் 1847-இல் அங்குச் சென்று, மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற பலர் பிற்காலத்தில் மலாயாவின் ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தர்களாகப் பணிபுரிய வந்தனர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

மிசிசிப்பியின் கதை வேறு. 1860-ஆம் ஆண்டுக் கணக்கில் அம்மாநிலத்தின் 7,91,305 மக்களுள் 4,36,631 பேர் அடிமைகள். அவர்களுக்கு எழுத்தறிவு புகட்டுவதை மாநிலச் சட்டம் தடுத்தது. பருத்தித் தோட்ட முதலாளிகள் தம் பிள்ளைகளுக்குத் தனி ஆசிரியர்களை வைத்துக்கொண்டனர். ஆதலின் பொதுப் பள்ளி வேண்டும் என்னும் எண்ணம் அங்கு வலுப்பெறவில்லை. உள்நாட்டுப் போருக்குப் பின், 1870-இல்தான் மாநிலமெங்கும் பொதுப் பள்ளிகள் தோன்றின. 1890-இன் அரசியல் சட்டம் வாக்கு வரியையும் படிப்புத் தேர்வையும் புகுத்திக் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்தது. வாக்கு இல்லாதவரின் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பணமும் போய்ச் சேரவில்லை. கட்டாயக் கல்விச் சட்டத்தை 1918-இல் கடைசி மாநிலமாக ஏற்ற மிசிசிப்பி, 1956-இல் அதனையும் நீக்கிவிட்டது. இன அடிப்படையில் பள்ளிகளைப் பிரிப்பது சட்டத்துக்கு மாறானது என்று உயர்நீதிமன்றங்களுக்கெல்லாம் மேலான நாட்டின் உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்தமையே அதற்குக் காரணம். வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்வதைவிட, பள்ளியே கட்டாயமில்லாமல் போகட்டும் என ஆட்சியாளர் கருதினர். அச்சட்டம் மீண்டும் வந்தது 1982-இல், ஆளுநர் வில்லியம் விண்டர் காலத்தில்.

இக்கதையில் மாசசூசெட்ஸ் குற்றமற்ற பார்வையாளர் அன்று. 1820-களில் எழுந்த லோவெல் நகரத்து நூற்பாலைகள் நூற்ற பஞ்சு தெற்கத்திய அடிமைகள் பறித்த பஞ்சே. அந்த ஆலைகளின் இலாபம் வடக்கே வங்கிகளாகவும் ரயில் பாதைகளாகவும் கல்லூரிகளாகவும் வளர்ந்தது. ஒரு மாநிலத்தின் ஏற்றமும் மற்றொன்றின் தாழ்வும் ஒரே பஞ்சுப் பொதியால் பிணைக்கப்பட்டிருந்தன.

உணவே மருந்து

1960-களில் இப்பிணைப்பு நல்ல வடிவம் ஒன்றை எடுத்தது. பாஸ்டனில் உள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவர்களான ஜாக் கைகரும் கவுண்ட் கிப்சனும், ஏழைகள் வாழும் இடத்துக்கே மருத்துவத்தைக் கொண்டு செல்லும் நிலையங்கள் இரண்டைத் தொடங்கினர். முதலாவது 1965-இல் பாஸ்டனின் கொலம்பியா பாயிண்ட் குடியிருப்பில். இரண்டாவது 1967-இல் மிசிசிப்பி டெல்டாவின் மௌண்ட் பாயூ என்னும் ஊரில். அவ்வூர் விடுதலை பெற்ற அடிமைகள் 1887-இல் தமக்கெனக் கட்டிய ஊர்.

மௌண்ட் பாயூவுக்கு வந்த குழந்தைகள் பலரின் நோய்க்குக் காரணம் பசி. ஆகவே மருத்துவர்கள் பால், காய்கறி, இறைச்சி என்று மருந்துச் சீட்டில் எழுதினர். அச்சீட்டைக் காட்டினால் ஊர்க் கடைகள் உணவைக் கொடுத்தன. விலை, நிலையத்தின் மருந்துக் கணக்கில் சேர்ந்தது. மருந்துக்கென ஒதுக்கிய பணத்தை உணவுக்குச் செலவிடலாமா என்று அதிகாரிகள் ஆட்சேபித்தனர். ஊட்டக் குறைவு என்னும் நோய்க்கு மருத்துவ நூல்கள் கூறும் மருந்து உணவுதான் எனக் கைகர் விடை கூறினார். கிணறு தோண்டுவது, கழிப்பிடம் கட்டுவது, விவசாயிகளைக் கூட்டுறவுப் பண்ணையாகத் திரட்டிக் காய்கறி விளைவிப்பது ஆகியவையும் அந்நிலையத்தின் வேலைகளாயின. வண்டல் மண்ணில் பருத்தி மட்டுமே விளைந்த இடத்தில், அம்மண்ணை உழுதவர்களுக்கே உணவும் விளைந்தது. அவ்விரண்டையும் முன்மாதிரியாகக் கொண்டு எழுந்த சமூகச் சுகாதார நிலைய அமைப்புகள், அமெரிக்கா முழுவதும் இன்று ஏறக்குறைய 1,400. ஆண்டுதோறும் அவற்றில் மருத்துவம் பெறுவோர் மூன்று கோடிக்கு மேல்.

சராசரி மறைப்பவை

மாநிலச் சராசரிகளைக் காட்டி முடிவு சொல்வோர் ஓர் உண்மையை மறக்கலாகாது. சராசரி என்பது மேட்டையும் பள்ளத்தையும் நிரவிக் காட்டும் எண். பாஸ்டன் பெருநகர வட்டாரத்தில் குடும்பங்களின் சொத்தை ஆராய்ந்து, அந்நகரின் கூட்டரசு ரிசர்வ் வங்கி 2015-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கடனைக் கழித்தபின் வெள்ளையர் குடும்பங்களின் நடுச் சொத்து 2,47,500 வெள்ளி; அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினக் குடும்பங்களின் நடுச் சொத்து வெறும் 8 வெள்ளி என்றது அவ்வறிக்கை. எட்டாயிரம் அன்று, எட்டு. பள்ளிகளில் இனப் பிரிவினையை 1855-இலேயே சட்டத்தால் தடுத்த அம்மாநிலத்தில், 1974-இல் நீதிமன்ற ஆணைப்படி கறுப்பினப் பிள்ளைகள் பேருந்தில் வேற்று வட்டாரப் பள்ளிக்கு வந்தபோது கல்லெறியும் நடந்தது.

மற்றொரு பக்கம், எந்தக் கணக்கிலும் அடங்காத செல்வம் மிசிசிப்பிக்கு உண்டு. 1949-ஆம் ஆண்டுக்குரிய இலக்கிய நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஃபாக்னர் அம்மாநிலத்தவர். நாவலாசிரியர் ரிச்சர்ட் ரைட் நாட்செஸ் நகருக்கு அருகே பிறந்தவர். டெல்டாவின் பருத்தித் தொழிலாளர் வளர்த்த 'புளூஸ்' என்னும் இசை, இருபதாம் நூற்றாண்டின் மேலை இசை முழுவதிலும் ஊறியது. எனினும் அவ்விசையின் பெரும் பாடகருள் ஒருவரான மடி வாட்டர்ஸ் 1943-இல் சிகாகோ சென்றார்; ரைட்டும் வடக்கே சென்றார். திறமை பிறப்பதற்கு அங்கே குறைவில்லை. தங்கி வாழத்தான் இடமில்லை.

எழுத்தறிவின் புதிய பாடம்

ஆசிரியர்கள் கவனிக்கத்தக்க செய்தி இனி வருவது. அமெரிக்காவில் நாடு தழுவிய கல்வி மதிப்பீட்டுத் தேர்வு ஒன்று உண்டு. அதில் நான்காம் வகுப்பு வாசிப்புத் திறனில் 2013-இல் மாசசூசெட்ஸ் 232 புள்ளியும், மிசிசிப்பி 209 புள்ளியும் பெற்றன. வேற்றுமை 23. அதே ஆண்டில் மிசிசிப்பி, எழுத்தறிவைப் பற்றிய சட்டம் ஒன்றை இயற்றியது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை முறையாகக் கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. பின்தங்கிய பள்ளிகளுக்கு, ஆசிரியர் அருகிலிருந்து வழிகாட்டும் பயிற்றுநர்கள் அனுப்பப்பட்டனர். படிக்கத் தடுமாறும் பிள்ளைகள் தொடக்கத்திலேயே இனங்காணப்பட்டு, அவர்களுக்குத் தனி உதவி தரப்பட்டது. மூன்றாம் வகுப்பின் முடிவில் வாசிப்புத் தேர்வில் தேறாதவர் அவ்வகுப்பிலேயே மேலும் ஓராண்டு பயில வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது.

2024-இல் மிசிசிப்பி பெற்ற புள்ளி 219. நாட்டின் பொதுப் பள்ளிச் சராசரி 214. மாசசூசெட்ஸ் 225. இருபத்து மூன்றாக இருந்த வேற்றுமை ஆறாகக் குறைந்துவிட்டது. மிசிசிப்பி ஏறியது போலவே மாசசூசெட்ஸ் சறுக்கியதும் இதற்குக் காரணம் என்பதை மறைக்கலாகாது. பிள்ளைகளை வகுப்பில் நிறுத்தி வைப்பதால் புள்ளி கூடுதலாகத் தோன்றுகிறது என்று குறை கூறுவோரும் உளர். எட்டாம் வகுப்பில் மிசிசிப்பி இன்னும் நாட்டின் சராசரிக்குக் கீழேயே இருக்கிறது. ஆயினும் நாட்டின் மிக ஏழை மாநிலம், பத்தாண்டுகளில் தன் சிறுவர்களைச் சராசரிக்கு மேல் உயர்த்தியது சிறு செயல் அன்று.

கல்லும் கரடுமான நிலத்தில் ஆசிரியரை அமர்த்திய மாநிலம் செழித்தது; வண்டல் நிலத்தில் எழுத்தைத் தடுத்த மாநிலம் மெலிந்தது. மண்ணோ மக்களின் இயல்போ இதற்குக் காரணம் அன்று. எந்தப் பிள்ளைக்குப் பள்ளி, எந்தத் தாய்க்கு மருத்துவம் என்று தலைமுறை தலைமுறையாகச் செய்யப்பட்ட முடிவுகளே காரணம். மனிதர் செய்த முடிவை மனிதர் மாற்றவும் முடியும். ஆனால் வேகம் ஒன்றுபோல் இராது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் வாசிப்பு பத்தாண்டுகளில் உயர்ந்துவிட்டது. அதே பத்தாண்டுகளில் தொட்டில் குழந்தையின் உயிருக்குப் பாதுகாப்பு கூடவில்லை. மிசிசிப்பி தன் பள்ளிகளுக்குக் காட்டிய அக்கறையைத் தன் தாய்மாருக்கும் காட்டுமா என்பதைப் பொறுத்தே, அடுத்த தலைமுறையில் இவ்விரு மாநிலங்களின் இடங்கள் அமையும்.